பத்தாவது இடத்தின் ருசி

வென்ற அணியைக் கொண்டாட ரசனை தேவையில்லை, தொண்டை போதும். பருவம் முழுக்கத் தோற்கும் அணியை ஆட்டம் ஆட்டமாக உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். 2025 ஐபிஎல் தமிழ்நாட்டுக்கு அந்தப் பயிற்சியை இலவசமாகவே கொடுத்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்களில் நான்கை வென்று, பத்தில் தோற்று, 8 புள்ளிகளோடு பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பை வாங்கிய அணி, அதற்கு முன் ஒருமுறைகூடக் கடைசி இடத்தைத் தொட்டதில்லை. 2020இல் ஏழாமிடம், 2022இல் ஒன்பதாமிடம் என்று சறுக்கியபோதும் கீழே யாராவது ஒருவர் இருந்தார்கள். 2022இல் அது மும்பை இந்தியன்ஸ் என்பதால் பலருக்கு வருத்தமே பாதியாகக் குறைந்தது. இந்த முறை கீழே யாருமில்லை.

இந்தப் பருவத்தை நான் ரசித்தேன் என்று சொன்னால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என்னை அடிக்க வருவார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

காஞ்சிபுரத்தில் பட்டு பார்க்கத் தெரிந்தவர்கள் முந்தானையின் பளபளப்பில் நின்றுவிட மாட்டார்கள். புடவையைக் கையில் வாங்கியதுமே மறுபுறம் திருப்புவார்கள். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் ஓடும். உடலின் நிறமும் கரையின் நிறமும் சந்திக்கும் இடத்தில் ஊடை இழைக்கு இழை கோத்துக்கொள்ள வேண்டும். முன்பக்கம் தாழம்பூ ரேக்கு அந்த இணைப்பை அலங்காரமாக்கிவிடும். எங்கே கை பதறியது, எங்கே நிதானமாக ஓடியது என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும். எனக்குத் தோற்ற பருவம் என்பது அந்தப் பின்பக்கம். வெற்றி எல்லாக் குறையையும் மூடிவிடுகிறது. விட்ட கேட்ச், தவறான நேரத்தில் கொடுத்த ஓவர், மூன்றாமிடத்தில் இறங்கத் தகுதியில்லாதவர் இறங்கியது, எதையும் கோப்பை வாங்கிய பிறகு யாரும் கேட்பதில்லை.

பருவம் தொடங்கியது என்னவோ வெற்றியில்தான். மார்ச் 23, சேப்பாக்கம், எதிரே மும்பை. ஆப்கானிஸ்தானின் இருபது வயது இடக்கைச் சுழலர் நூர் அகமது 18 ரன்களுக்கு 4 விக்கெட் எடுத்தார். அதில் ஒன்று சூர்யகுமார் யாதவ், தோனியின் ஸ்டம்பிங். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பொதுவாக விக்கெட் கீப்பர் பந்தை வாங்கும்போது கை சற்றே பின்னால் போகும். பந்தின் வேகத்தைத் தணித்து வாங்கத்தான் அப்படி. அப்புறம் கை முன்னே வந்து பெயிலைத் தட்ட வேண்டும். தோனியின் கையில் அந்தப் பின்வாங்கலே கிடையாது. வாங்குவதும் ஸ்டம்பை நோக்கிப் போவதும் ஒரே அசைவு. பாடப்புத்தகத்தை வைத்துப் பார்த்தால் இது தவறு, பந்து கையிலிருந்து தெறித்துவிடும் என்பார்கள். தெறிக்கவில்லை. 43 வயதில் தெறிக்கவில்லை.

ஐந்து நாள் கழித்து அதே மைதானத்தில், அதே நூரின் பந்தில், பெங்களூருவின் ஃபில் சால்ட்டுக்கும் அதே கதி. கால் தரையிலிருந்து எழுந்ததா இல்லையா என்று தெரிவதற்குள் பெயில் போய்விட்டது. ஆனால் அன்று சென்னை 50 ரன்னில் தோற்றது. சேப்பாக்கத்தில் பெங்களூரு வென்றது 2008க்குப் பிறகு அதுவே முதல்முறை. மறுநாள் எல்லோரும் பேசியது 17 ஆண்டுக் கோட்டை விழுந்ததைப் பற்றித்தான். சால்ட்டின் ஸ்டம்பிங்கைப் பற்றிப் பேச ஆளில்லை. மும்பையை வென்ற நாளில் உலகமே பார்த்த வித்தை, தோற்ற நாளில் கணக்கிலேயே வராமல் போனது. இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதே ஆட்டத்தில் தோனி ஒன்பதாவது ஆளாக, அஸ்வினுக்கும் பின்னால் இறங்கினார். 16 பந்தில் ஆட்டமிழக்காமல் 30. ஆட்டம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. மூட்டு முன்போல் இல்லை, பத்து ஓவர் நின்று அடிக்க முடியாது என்று பயிற்சியாளர் ஃப்ளெமிங் பிறகு விளக்கினார். விளக்கம் சரியாகவே இருக்கட்டும். ஓட முடியாத ஒருவருக்காக ஆட்டத்தின் வடிவத்தையே மாற்றிக்கொண்ட அணி அது என்பதுதான் என் தீர்ப்பு. கீப்பர் தோனிக்கு நான் அடிமை, அந்த மார்ச் மாதத்து பேட்ஸ்மேன் தோனிக்கு அல்ல.

அடுத்தடுத்துச் சரிவு. குவாஹாட்டியில் ராஜஸ்தானிடம் 6 ரன், சேப்பாக்கத்தில் டெல்லியிடம் 25 ரன், முல்லன்பூரில் பஞ்சாபிடம் 18 ரன். டெல்லிக்கு எதிராக விஜய் சங்கர் 54 பந்தில் 69 எடுத்துக் கடைசிவரை நின்றார். அவர் நின்றதுதான் பிரச்சினை என்று மைதானமே முணுமுணுத்தது. முல்லன்பூரில் பிரியான்ஷ் ஆர்யா 39 பந்தில் சதம் அடித்துவிட்டுப் போனார். பிறகு முழங்கை எலும்பு முறிவால் அணித்தலைவர் ருதுராஜ் விலக, மறுபடி தோனி தலைவரானார்.

ஏப்ரல் 11. காஞ்சிபுரத்தில் பங்குனி உத்திரம் என்றால் கல்யாண நாள். ஏகாம்பரநாதருக்கும் ஏலவார்குழலிக்கும் திருக்கல்யாணம் நடக்கிற ஊரில், அன்று வீட்டில் பாயசம் இருந்திருக்கும், வாசலில் கோலம் இருந்திருக்கும். இரவு டிவியில் 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103. கொல்கத்தா அதை 10.1 ஓவரில் எடுத்துவிட்டது. சென்னை தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்றது வரலாற்றில் அதுவே முதல்முறை. சேப்பாக்கத்தில் தொடர்ந்து மூன்று தோற்றதும் அப்படியே.

இந்த 103ஐத்தான் நான் பருவத்தின் உச்சம் என்பேன், எதிரணியின் கலைக்காக. சேப்பாக்கத்து மெதுவான ஆடுகளத்தில் எதிரியைச் சுழலால் நெருக்கி, ஒவ்வொரு ரன்னுக்கும் கெஞ்ச வைப்பதை சென்னை பல ஆண்டுகளாக ஒரு சாஸ்திரம் போலவே செய்துவந்தது. அன்று அந்த சாஸ்திரத்தை நடத்தியவர்கள் மூன்று பேர். சுனில் நரைன் 13 ரன்களுக்கு 3 விக்கெட் எடுத்தார், அதில் தோனியும் உண்டு. இரண்டாமவர் தமிழ்நாட்டு அணிக்கு ஆடும் வருண் சக்கரவர்த்தி. மூன்றாமவர் மொயின் அலி, 2021, 2023 கோப்பைகளின்போது மஞ்சள் சட்டை போட்டிருந்தவர். வீட்டுச் சாவி யாரிடமெல்லாம் இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு அன்றுதான் தெரிந்தது. சேப்பாக்கத்தில் சொந்த மைதானம் என்ற சாதகம் எங்களுக்கு இல்லை என்று ஃப்ளெமிங் சொல்லிவந்தார். யாரும் நம்பவில்லை. நரைனின் நான்கு ஓவரைப் பார்த்த பிறகு நம்பாமல் என்ன செய்வது?

மறுநாள் காலை டீக்கடைப் பையன் கேட்டான்: "அண்ணே, நேத்து மேட்ச் பாத்தீங்களா?"

"பாத்தேன்டா."

"முழுசாவா? எதுக்குண்ணே?"

அவனுக்கு டீ ஆறுவதற்குள் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை.

சித்திரை முதல் நாள், லக்னோவில், சென்னை வென்றது. தோனி 11 பந்தில் 26 எடுத்து ஆட்டநாயகன் ஆனார். விருதை வாங்கிக்கொண்டே, எனக்கு ஏன் கொடுக்கிறார்கள், நூர் நன்றாகப் போட்டாரே என்ற பொருளில் ஏதோ சொன்னார். தன்னடக்கம் என்று எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு அது தன்னடக்கமாகத் தெரியவில்லை, சரியான விமரிசனமாகத் தெரிந்தது. நூர் அன்று நான்கு ஓவரில் 13 ரன் கொடுத்தார், விக்கெட் எதுவும் இல்லை. விக்கெட் பத்தியில் பூஜ்யம் இருக்கும் ஒரு பந்துவீச்சை அந்த இரவின் சிறந்த வேலை என்று கண்டுகொள்ள, ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருந்தவரால்தான் முடியும்.

தோற்கும் அணியைப் பார்ப்பதில் அமெரிக்கர்களுக்கு நம்மைவிட அனுபவம் அதிகம். அவர்களுடைய பேஸ்பாலில் ஓர் அணி பருவத்துக்கு 162 ஆட்டம் ஆட வேண்டும். 1962இல் புதிதாகப் பிறந்த நியூயார்க் மெட்ஸ் அதில் 120 தோற்றது. ஊர் அந்த அணியைக் கைவிடவில்லை. கிண்டலும் பாசமுமாகக் கட்டிக்கொண்டது, அந்தத் தோல்விகளைப் பற்றிப் புத்தகமே வந்தது. ஏழே ஆண்டில், 1969இல், அதே மெட்ஸ் உலகத் தொடரை வென்றது. 2024இல் சிகாகோ வொயிட் சாக்ஸ் 121 தோற்று அந்தக் கணக்கையும் தாண்டியது. பத்துத் தோல்விக்கே நாம் துவண்டோம் என்றால், 121ஐப் பார்த்து முடித்தவர்களின் கண் எவ்வளவு பழகியிருக்கும்! நம் பக்கத்தில் தமிழ் தலைவாஸ் ரசிகர்களை மட்டும்தான் அவர்களோடு உட்கார வைக்கலாம். 2017இல் புரோ கபடிக்கு வந்த அந்த அணி பிளே ஆஃப் வாசலை மிதிக்க 2022 ஆனது.

நாமும் மாறித்தான் இருக்கிறோம். 2007 உலகக் கோப்பையில் இந்தியா வங்கதேசத்திடம் தோற்றபோது, ராஞ்சியில் கட்டிக்கொண்டிருந்த தோனியின் வீட்டை ஆத்திரக்காரர்கள் சேதப்படுத்தினார்கள். அதே மனிதர் 18 ஆண்டு கழித்துக் கடைசி இடத்து அணியோடு ஊர் ஊராகப் போனபோது, போன இடமெல்லாம் கேலரி மஞ்சளாக இருந்தது. இதில் தனிமனித வழிபாடு நிறையவே உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் கல்லெறிவதைவிட விசில் எவ்வளவோ மேல்.

ஏப்ரல் 20க்குப் பிறகு நடந்ததைத்தான் உண்மையில் ருசி என்பேன். வான்கடேயில் 17 வயது ஆயுஷ் மாத்ரே முதல் ஆட்டம் ஆடினார், ருதுராஜுக்கு மாற்றாக வந்த பையன். 15 பந்தில் 32. சென்னை ஒன்பது விக்கெட்டில் தோற்றது, ஆனால் பவர்பிளேயில் பந்தைக் கண்டு பயப்படாத ஒருவரை மஞ்சள் சட்டையில் அந்தப் பருவத்தில் அன்றுதான் பார்த்தேன். அடுத்த ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ் வந்தார், இவரும் மாற்று வீரர்தான். ஜெட்டாவில் கோடிகளைக் கொட்டி நடத்திய ஏலத்தில் எடுத்த நடுவரிசை கைகொடுக்காமல், இடையில் கூப்பிட்டு வந்த இருவர் அணியைத் தூக்கினார்கள் என்றால், ஏல மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் அது.

பிரெவிஸ் 42 எடுத்திருந்தபோது, ஹர்ஷல் படேல் பந்தில் அடித்த அடியை ஹைதராபாத்தின் கமிந்து மெண்டிஸ் எல்லைக்கோட்டருகே பறந்து பிடித்தார். இரண்டு கையாலும் பந்து வீசும் இலங்கைக்காரர் அவர். சேப்பாக்கம் ஒரு கணம் வாயடைத்து, பிறகு கைதட்டியது. 1999இல் இந்தியாவை வென்ற பாகிஸ்தானுக்கு எழுந்து நின்று கைதட்டிய மைதானம் அல்லவா. அன்றும் சென்னை தோல்வி, ஹைதராபாத்துக்கு அங்கே சென்னைக்கு எதிரான முதல் வெற்றி. ஏப்ரல் 30இல் சாம் கரன் 47 பந்தில் 88 அடித்தும், பஞ்சாபின் சாஹல் 19ஆவது ஓவரில் ஹாட்ரிக்கோடு நான்கு விக்கெட்டைச் சுருட்ட, 190இல் கதை முடிந்தது. பிளே ஆஃப் வாய்ப்பை இழந்த முதல் அணி சென்னை. சேப்பாக்கத்துக் கணக்கு: ஆறு ஆட்டம், ஒரு வெற்றி.

எதற்கும் இனி அர்த்தமில்லை என்றான பிறகு, மே 3இல், பெங்களூருவில் அந்தப் பருவத்தின் மிக அழகான ஆட்டத்தை சென்னை ஆடியது. கலீல் அகமதின் ஒரே ஓவரில் ரொமாரியோ ஷெப்பர்ட் 33 ரன் பிழிந்து, 14 பந்தில் 53 எடுக்க, இலக்கு 214. மாத்ரே புவனேஸ்வர் குமாரின் ஓர் ஓவரில் ஐந்து பவுண்டரியும் ஒரு சிக்சரும் அடித்தார். அதில் ஆவேசம் துளியும் இல்லை. தலை அசையாமல், பந்து வந்த பிறகு அடித்த அடிகள். 48 பந்தில் 94. மறுமுனையில் ஜடேஜா ஆட்டமிழக்காமல் 77. கடைசி ஓவரில் 15 வேண்டும், யஷ் தயாள் 12தான் கொடுத்தார். இரண்டு ரன்னில் தோல்வி.

நான்கு நாள் கழித்து ஈடன் கார்டனில் இலக்கு 180. அந்த எண்ணுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 2019க்குப் பிறகு 180ஓ அதற்கு மேலோ துரத்தி சென்னை அதுவரை வென்றதே இல்லை. 60க்கு 5 என்று தள்ளாடியபோது பிரெவிஸ் ஓர் ஓவரில் 30 அடித்து, 25 பந்தில் 52 எடுத்தார். இரண்டு விக்கெட்டில் வெற்றி. புள்ளிப் பட்டியலில் அதனால் ஒன்றும் மாறவில்லை, கடைசி ஆட்டத்தில் அகமதாபாத்தில் குஜராத்தை 83 ரன்னில் அடித்ததாலும் மாறவில்லை.

கடைசிக் கணக்கையும் பாருங்கள். நூர் அகமது 24 விக்கெட். போட்டியிலேயே அவருக்கு மேல் ஒருவர்தான், 25 எடுத்த பிரசித் கிருஷ்ணா. மாத்ரே ஏழு ஆட்டத்தில் 240 ரன், பிரெவிஸ் ஆறு ஆட்டத்தில் 225. கோப்பை வாங்கிய பருவங்களின் சிறப்புத் தொகுப்புகள் எங்கும் கிடைக்கின்றன, அவற்றை விடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மே 3 பெங்களூரு ஆட்டத்தைத் தேடி எடுத்து, முடிவு தெரிந்தே, முழுசாகப் பாருங்கள். அந்த ஆண்டு நவம்பரில் சஞ்சு சாம்சனுக்கு ஈடாக ராஜஸ்தானுக்குப் போனார் ஜடேஜா. போவதற்கு முன் அவர் மஞ்சள் சட்டையில் அடித்த கடைசி அரைச்சதம் அதில்தான் இருக்கிறது.