அனாமத்துக் கணக்கில் ஒரு கோல்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை ராத்திரி. வள்ளியூரில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டியின் மீது சாய்த்து வைத்த ஒரு செல்போன், அதைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள். தோஹாவில் இந்தியாவுக்கும் கத்தாருக்கும் உலகக் கோப்பை தகுதிச் சுற்று ஆட்டம். 37-வது நிமிஷம் லாலியன்சுவாலா சாங்டே கோல் போட்டதும் மாடியில் எழுந்த சத்தத்தில், எதிர்வீட்டு ஆச்சி விளக்கைப் போட்டுப் பார்த்தார். கிரிக்கெட் என்று நினைத்திருப்பார்.

73-வது நிமிஷம். கத்தார் வீரர் தலையால் முட்டிய பந்தை நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் தடுக்கிறார். பந்து உருண்டு கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. குர்ப்ரீத் தரையில் கிடக்கிறார். ஒரு கத்தார் ஆட்டக்காரர் வெளியே போன பந்தைக் காலால் சாவகாசமாக உள்ளே இழுத்துத் தர, இன்னொருவர் வலைக்குள் தள்ளினார். கோலாம்!

"மாமா, பந்து வெளியே போயிட்டுல்லா?" என்றான் நண்பரின் அக்கா மகன். பதினோரு வயசு. அவனுக்குத் தெரிந்தது. நடுவருக்குத் தெரியவில்லை, லைன்ஸ்மேனுக்குத் தெரியவில்லை. வீடியோவில் பார்த்துச் சொல்லும் 'வார்' வசதி அந்த ஆட்டத்துக்குக் கிடையாது. 85-வது நிமிஷம் இன்னொரு கோல். 2-1. முடிந்தது கதை.

அந்த ஒரு கோலின் விலை என்ன தெரியுமா? அன்றைக்கு ஜெயித்திருந்தால் ஆசியத் தகுதிப் போட்டியின் மூன்றாம் சுற்றுக்கு இந்தியா முதல் முறையாகப் போயிருக்கும். 2027 ஆசியக் கோப்பைக்கும் நேரே இடம் கிடைத்திருக்கும். தோற்றதால் ஆசியக் கோப்பைக்குத் தனியாகத் தகுதிச் சுற்று ஆட வேண்டி வந்தது. அதில் ஹாங்காங்கிடம் தோற்று, 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடமும் தோற்று, வெளியே வந்தாகிவிட்டது.

நியாயமாகவும் பேச வேண்டும். எல்லாப் பழியையும் அந்தக் கொரிய நடுவரின் தலையில் கட்ட முடியாது. அதே வருஷம் மார்ச்சில் குவாஹாட்டியில், சொந்த மண்ணில், ஆப்கானிஸ்தானிடம் 2-1 என்று தோற்றோமே, அன்றைக்கு எந்த நடுவர் நம்மைக் கவிழ்த்தார்? அன்று ஜெயித்திருந்தால் கணக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும். இதைச் சொன்னால் ரசிகர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

என் குறை வேறு. நான் பி.காம். படித்தவன். பேரேட்டில் தப்பு வருவதை வாத்தியார்கள் பெரிய குற்றமாகச் சொன்னதில்லை. தப்பு வரும், கண்டுபிடி, திருத்தப் பதிவு போடு என்பார்கள். எங்கே தப்பு என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க ஒரு கணக்கு உண்டு. அனாமத்துக் கணக்கு. தப்பு தெரிந்ததும் அதை முடித்துவிட வேண்டும். இந்தியக் கால்பந்து ரசிகனின் பிரச்னை என்னவென்றால், அவனுடைய எல்லா வரவு செலவும் அனாமத்துக் கணக்கிலேயே கிடக்கிறது. வருஷக் கணக்காக!

கத்தார் கோல் பற்றி விசாரிக்கச் சொல்லி இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஃபிஃபாவுக்கும் ஆசியச் சம்மேளனத்துக்கும் எழுதியது. முடிவு மாறவில்லை. மாறாது என்பது எழுதியவர்களுக்கே தெரியும். ஆனால், "ஆமாம், அது கோல் இல்லை" என்கிற ஒரு வரி? மாடியில் இருந்த பையன் கேட்டது அவ்வளவுதான்.

2010 உலகக் கோப்பை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து மேல் கம்பியில் பட்டு, கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து, வெளியே துள்ளியது. கோல் கிடையாது என்றார் நடுவர். ஃபிஃபா தலைவர் பிளாட்டர் இங்கிலாந்திடம் மன்னிப்புக் கேட்டார். 2014 உலகக் கோப்பையில் கோட்டைக் கண்காணிக்கும் தொழில்நுட்பமே வந்துவிட்டது. இங்கிலாந்துக்கு அந்த கோல் திரும்பக் கிடைக்கவில்லைதான். ஆனால் பதிவு திருத்தப்பட்டது.

நம் ஊருக்கு வருவோம். 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம். ஐ.எஸ்.எல். நாக் அவுட் ஆட்டம், கூடுதல் நேரம். கேரளா பிளாஸ்டர்ஸ் தடுப்புச் சுவர் கட்டி முடிப்பதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீகிக்கை அடித்துவிட்டார். நடுவர் கோல் கொடுத்தார். பிளாஸ்டர்ஸ் கோச் வுகோமனோவிச் தன் ஆட்களை மொத்தமாக வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 5 லட்சம் அபராதம், 10 ஆட்டம் தடை. வள்ளியூரில் மஞ்சள் பனியன் போட்டவர்கள் உண்டு. சென்னை இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல்; கொச்சி அதில் பாதிதான். அவர்கள் அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

விஷயம் என்னவென்றால், விதிப்படி அந்த கோல் சரியாகவே இருக்கலாம். தடுப்புச் சுவர் தள்ளி நிற்கட்டும் என்று அடிப்பவர் கேட்காதவரை, விசில் இல்லாமலே சட்டென்று அடிக்கலாம். நடுவர் அதற்குள் சுவரை நகர்த்தும் வேலையில் இறங்கிவிட்டாரா என்பதுதான் கேள்வி. ஆட்டம் முடிந்ததும் நடுவரோ, நடுவர்களுக்குப் பொறுப்பானவரோ மைக் முன்னால் வந்து இரண்டு நிமிஷம் விளக்கியிருந்தால் பாதிக் கோபம் வடிந்திருக்கும். விளக்கம் வராத இடத்தில் என்ன வரும்? "காசு வாங்கிட்டான்" என்கிற பேச்சு வரும். ஆதாரம் இல்லாமல் அப்படி எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நம் நடுவர்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே விசில் ஊதுகிறவர்கள். பத்து கேமரா வைத்துப் பார்ப்பவன், இரண்டு கண் வைத்துப் பார்ப்பவனைத் திட்டுவது சுலபம்.

நடுவர் விஷயத்தில் இந்த மௌனம் என்றால், காயம் விஷயத்தில் இன்னும் கெட்டி மௌனம்.

வள்ளியூரிலிருந்து தெற்கே நாகர்கோவில் தாண்டி மேற்கே போனால் தூத்தூர் கடற்கரை. மணலிலேயே பந்து விளையாடி வளர்கிற ஊர்கள். அங்கிருந்து வந்தவர் மைக்கேல் சூசைராஜ், மீனவக் குடும்பத்துப் பிள்ளை. சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று ஏறி 2019-ல் இந்தியாவுக்கும் ஆடிவிட்டார். 2020 நவம்பர் 20, கொரோனா காலம், கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் சீசனின் முதல் ஆட்டம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, முழங்கால் போய்விட்டது. நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால் 'ஜவ்வு கிழிஞ்சிட்டு'. அந்த சீசனே அவருக்கு முடிந்தது.

ஒரு வருஷம் கழித்து நல்லபடியாக நடக்கலாம், ஓடலாம். ஆனால் முழு வேகத்தில் ஓடிவந்து சட்டென்று திரும்பும் அந்த நொடியில் மனசு ஒரு கணம் யோசிக்குமே, அதற்கு எந்த டாக்டரும் தையல் போட முடியாது.

2024 ஜனவரி ஆசியக் கோப்பைக்கு அன்வர் அலி, ஜீக்சன் சிங், ஆஷிக் குருணியன் மூவருமே காயத்தால் இல்லை. ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா, மூன்றிலும் தோல்வி. ஒரு கோல்கூட இல்லை. சிரியா ஆட்டத்தில் சந்தேஷ் ஜிங்கனின் முழங்காலும் போயிற்று. ஜூனில் அந்தக் கத்தார் ஆட்டத்தில் நம் தடுப்பாட்டத்தின் தூணே கிடையாது! இத்தனை முழங்கால்கள் ஏன் போகின்றன? ஆட்ட அட்டவணையா, தரையா, பயிற்சியா, அவசரமாகத் திரும்ப இறக்குவதா? ரசிகனுக்குக் கிடைப்பது 'காயம் காரணமாக விலகல்' என்று ஒரு வரி. அமெரிக்காவின் என்.எஃப்.எல். லீகில் யாருக்கு எங்கே அடி, ஆடுவாரா மாட்டாரா என்று வாராவாரம் பட்டியல் போட்டே ஆக வேண்டும் என்று விதி. டிக்கெட் வாங்குகிறவனுக்குத் தெரிய உரிமை உண்டு என்று அங்கே நினைக்கிறார்கள்.

பெரிய லீகை விடுங்கள். ராதாபுரம் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றில், திருவிழாவையொட்டி நடந்த செவன்ஸ் ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். கோட்டுக்கு வெளியே முழங்காலில் துணிக்கட்டோடு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். போன வருஷம் இதே மைதானத்தில் விழுந்தவன். ஆசானிடம் எண்ணெய்க்கட்டு போட்டுப் பார்த்தாச்சு, வீக்கம் வத்திவிட்டது, கால் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றார்களாம். "அம்மா கம்மலை வைக்கணும் சார். பெறவு பாப்போம்" என்றான், கண்ணைப் பந்திலிருந்து எடுக்காமல். முதல் பரிசுக்குக் கோப்பையும் ரொக்கமும் மேடையில் இருந்தன. விழுகிறவனுக்கு என்று ஒரு கவர் அந்த மேடையில் இல்லை.

அன்றைக்கு நடுவர் ஒரு பி.டி. மாஸ்டர். கடைசி நிமிஷத்தில் தெளிவான ஆஃப்சைடு கோல் ஒன்றைக் கொடுத்துவிட்டார். தோற்ற அணி சுற்றி நின்று கத்தியது. அவர் அசையவில்லை. ஆட்டம் முடிந்து டீக்கடையில் அந்தப் பையன்கள் நின்ற இடத்துக்கு அவரே வந்தார்.

"ஏலே, அந்த கோல் தப்புதான். வெயிலு கண்ணுல அடிச்சிட்டு. எனக்குத் தெரியல."

ஒருத்தனும் பேசவில்லை. பிறகு கேப்டன் பையன், "சரி சார்... டீ குடிக்கியளா?" என்றான். மாஸ்டர் குடித்தார். காசை அவரே கொடுத்தார், ஒன்பது டீக்கும்.