இன்வேர்ட்டர் சொல்லாத கணக்கு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பாய்ந்ததுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அதன்பிறகு சில நாட்களுக்குக் குரங்கைத் தவிர வேறு கதையில்லை. அந்தக் கேலியில் அமுங்கிப்போன சங்கதி ஒன்று உண்டு. பட்டப்பகலில், கூரை நிறையச் சோலர் பனல் வைத்திருந்த வீடுகளும் இருண்டு கிடந்தன. 2016இல் தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தில் பூட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை மின்சார சபையின் லைனோடு ஒட்டி ஓடுபவை. லைனில் கரண்ட் நின்றால் அவையும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறித் திருத்துபவரின் உயிர் போகும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நிலைமை மறுபக்கம் திரும்பியது. பாவனை குறைவு, சோலர் அதிகம் என்பதால் பகல் 3 மணிவரை கூரைச் சோலரை நிறுத்தி வைக்கும்படி சபையே கேட்டுக்கொண்டது.

பற்றரி வைத்திருப்பவர்களின் கதை வேறு. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்தபோது பட்ட பாட்டில், வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பலர் இன்வேர்ட்டரும் பற்றரியும் வாங்கினார்கள். மொட்டை மாடியில் இடம் கிடைத்தவர்கள் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இரண்டு பனலையும் சாய்த்து வைத்தார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று ஓடுகிறது: 550 வாட் பனல் இரண்டு, 25.6 வோல்ட் 100 அம்பியர்-மணி லிதியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி, 3 கிலோவாட் இன்வேர்ட்டர். குளிர்சாதனப் பெட்டி, இரண்டு ஃபேன், லைட்டுகள், இணைய ரவுட்டர் ஆகியவை இதில் மட்டுமே. மெயின் கரண்டோடு இதற்குத் தொடர்பே கிடையாது. இதைக் கண்காணிக்க ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகொன்ட்ரோலர் பலகையை வைத்துக் கட்டிய சாதனத்தைப் பற்றியதுதான் இந்த விமர்சனம்.

'இன்வேர்ட்டரிலேயே திரை இருக்கிறதே, அது போதாதா?' என்று கேட்கலாம். திரையில் பற்றரிச் சதவீதம் ஒன்று தெரியும். மலிவான இன்வேர்ட்டர்களில் அது பெரும்பாலும் வோல்ட்டை வைத்துப் போடும் ஊகம். பழைய ஈய-அமில பற்றரிக்கு அந்த ஊகம் ஓரளவு பொருந்தும். சும்மா வைத்திருக்கும்போது 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. இரும்பு பொஸ்பேட்டில் அது எடுபடாது. 24 வோல்ட் தொகுதியில் 90 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் இடையே அரை வோல்ட் வித்தியாசம்கூட வராது. குளிர்சாதனப் பெட்டியின் கம்பிரசர் ஓடத் தொடங்கினாலே வயரில் அவ்வளவு வோல்ட் விழும். வரவு செலவு எழுதாமல் பேர்ஸின் தடிப்பைப் பார்த்துக் காசை மதிப்பிடுகிற வேலை இது. உள்ளே போன அம்பியரையும் வெளியே வந்த அம்பியரையும் விடாமல் கூட்டிக் கழித்தால்தான் மிச்சம் தெரியும்.

அதற்கான சாமான்கள் அதிகமில்லை. ஈஎஸ்பி32 பலகை ஒன்று, ஐஎன்ஏ226 என்ற அளவிடும் சிப் பொருத்திய சிறு பலகை, 100 அம்பியருக்கு 75 மில்லிவோல்ட் காட்டும் ஷண்ட் என்ற அளவுத் தடை, டிஎஸ்18பி20 வெப்பமானி, ஏசி பக்கத்துக்குப் பீசெம்-004டி மீற்றர், பற்றரி வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்க ஒரு மொடியூல். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒருமுறை ஏறி இறங்கினால் ஷண்ட் தவிர மற்றவை கைக்கு வந்துவிடும். விலை கடைக்குக் கடை மாறும். வெப்பமானியில் போலி மலிந்திருக்கிறது. ஐஸ் தண்ணீரில் போட்டுச் சரிபார்த்து வாங்குங்கள்.

கடைக்காரர்கள் முதலில் எடுத்து நீட்டுவது ஏசிஎஸ்712 என்ற மின்னோட்ட சென்சரை. வேண்டாம். அதன் 30 அம்பியர் வகை ஒரு அம்பியருக்கு 66 மில்லிவோல்ட்தான் தரும். அதில் இரைச்சல் கலந்திருக்கும், வெப்பத்தோடு பூச்சியப் புள்ளியும் நகரும். அதை வாசிக்கப்போகும் ஈஎஸ்பி32இன் உள் அனலொக் வாசிப்பானும் இரு முனைகளிலும் கோணலானது. இரண்டு ஊகங்களைப் பெருக்கி உண்மை எடுக்க முடியாது. ஐஎன்ஏ226 ஷண்டின் இரு முனைகளுக்கிடையே 2.5 மைக்ரோவோல்ட் படிகளில் அளக்கும். மேலே சொன்ன ஷண்டில் அது ஏறத்தாழ 3 மில்லியம்பியர். வாங்கும் பலகையில் ஆர்100 என்று எழுதிய சிறு தடை ஒன்று ஒட்டியிருக்கும். வெளி ஷண்ட் பூட்டுவதென்றால் அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அளவெடுக்கும் மெல்லிய வயரிலேயே மின்னோட்டம் ஓடிக் கணக்கு பிசகும். இன்னொன்று, ஐஎன்ஏ226 தாங்குவது 36 வோல்ட்வரைதான். 48 வோல்ட் தொகுதி வைத்திருப்பவர்கள் 85 வோல்ட் தாங்கும் ஐஎன்ஏ228ஐத் தேட வேண்டும்.

இனி, இந்தக் கண்காணிப்புப் பெட்டி காட்டிய முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரவில் இன்வேர்ட்டரில் மாட்டியிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். ஏசி பக்கத்துப் பீசெம் பூச்சியம் வாட் என்றது. இன்வேர்ட்டர் திரையும் பூச்சியம் என்றது. ஷண்ட் மட்டும் 1.6 அம்பியர் வெளியே போகிறது என்றது. 26.4 வோல்ட்டால் பெருக்கினால் 42 வாட். ஒன்றும் ஓடாத வீட்டில் 42 வாட்! அது இன்வேர்ட்டர் தன்னை விழித்திருக்க வைக்கத் தின்னும் கரண்ட். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட்-மணி. 2.56 கிலோவாட்-மணி பற்றரியில் ஐந்தில் இரண்டு பங்கு, ஒரு லைட்டும் எரியாமலே போகிறது. கொழும்பில் நல்ல வெயில் நாளில் எங்கள் இரண்டு பனலும் மூன்றரை கிலோவாட்-மணி அளவுக்குத் தரும். தென்மேல் பருவக்காற்று மழையில் அதில் பாதிகூடத் தேறாத நாட்கள் உண்டு. அப்படியான நாளில் வந்ததில் பெரும்பகுதி இன்வேர்ட்டரின் வயிற்றுக்கே.

எந்த விற்பனையாளரும் இதைப் பெரிய எழுத்தில் போடமாட்டார். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 'சுமையில்லா நுகர்வு' என்ற வரியில் இருக்கும். 3 கிலோவாட், 5 கிலோவாட் என்று தேவைக்கு மேல் பெரிய இன்வேர்ட்டர் எடுப்பவர்கள் அந்த வரியை முதலில் பார்க்க வேண்டும். நான் செய்தது: ரவுட்டரையும் இரண்டு எல்இடி லைட்டையும் இன்வேர்ட்டரிலிருந்து கழற்றி, ஒரு சிறு டிசி மாற்றி வழியாக நேரே பற்றரியில் போட்டேன். குளிர்சாதனப் பெட்டியும் ஃபேனும் தேவைப்படாத வேளைகளில் இன்வேர்ட்டரையே அணைக்கலாம் என்றானது. இன்னொரு பனல் வாங்கியிருந்தாலும் இந்தளவு பலன் கிடைத்திராது.

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் மச்சான் வீட்டில் இன்னொரு பெட்டி பூட்டினோம். அங்கே 12 வோல்ட் 150 அம்பியர்-மணி ஈய-அமில பற்றரி இரண்டு, தொடராக. இரவு ஒன்பதரைக்கே இன்வேர்ட்டர் கூவத் தொடங்குகிறது, 'பனல் காணாது, இன்னும் ரெண்டு போடவேணும்' என்று பூட்டியவர் சொல்லிவிட்டார். பெட்டி காட்டிய மின்னோட்ட வரைபடம் அப்படிச் சொல்லவில்லை. காலையில் பற்றரிக்குள் 20 அம்பியருக்கு மேல் போகிற மின்னோட்டம், பகல் பன்னிரண்டுக்குள் இரண்டு மூன்று அம்பியராக வடிந்துவிடுகிறது. வெயில் உச்சியில் நிற்கும்போதே பற்றரி 'போதும்' என்கிறது. இரவில் எடுக்க முடிந்ததோ 60 அம்பியர்-மணிக்குக் கிட்டத்தான். சீக்கிரம் நிறைந்து சீக்கிரம் வடிவது கொள்ளளவு சுருங்கிய பற்றரியின் குணம். இப்படி இருக்கையில் பத்துப் பனல் போட்டாலும் ஒன்பதரைக்குக் கூவும். பற்றரி வைத்திருந்த இடம் தகரக் கூரைக்கு அடியில். வெப்பமானி பின்னேரத்தில் 41 பாகை காட்டியது. ஈய-அமில பற்றரிக்கு 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. மச்சான் பனல் வாங்கவில்லை. பற்றரியை மாற்றி, கீழே படிக்கட்டு ஓரத்துக்கு இறக்கிவிட்டார்.

மென்பொருள் பக்கத்தில் ஈஎஸ்பிஹோம் போதும். நிரல் எழுதத் தெரியாதவரும் எந்தக் காலில் எந்த சென்சர் என்று பட்டியல் போட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். ஒருமுறை யூஎஸ்பியில் ஏற்றினால் பிறகு மாற்றமெல்லாம் வைஃபையிலேயே. ஆனால் அதை உருவாக்கியவர்கள் கரண்டும் இணையமும் நிற்காத ஊரை மனதில் வைத்திருக்கிறார்கள். ஹோம் அசிஸ்டன்ட் போன்ற சேர்வரோ வைஃபையோ 15 நிமிடத்துக்குக் கிடைக்காவிட்டால் பலகை தானாக மறுதொடக்கம் செய்துகொள்ளும். இயல்பான அமைப்பே அதுதான். நமக்கு அது சரிவராது. அந்தக் கால எல்லையைப் பூச்சியமாக்கி வையுங்கள். அம்பியர்-மணிக் கூட்டலை நினைவகத்தில் சேமிக்கும் தெரிவையும் போட்டுவிடுங்கள். அன்றாடக் கணக்கு நள்ளிரவில் புதிதாகத் தொடங்க நேரம் தெரிய வேண்டும். இணையம் இல்லாமல் மறுதொடக்கம் ஆனால் பலகைக்கு நேரம் தெரியாது. டிஎஸ்3231 கடிகார மொடியூல் ஒன்று சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை. கூட்டல் கழித்தலில் சிறு பிழை நாளுக்கு நாள் சேரும். 28 வோல்ட்டுக்கு மேல் நின்று, மின்னோட்டமும் 4 அம்பியருக்குக் கீழே வந்தால் '100 சதவீதம்' என்று மீளப் பதியும்படி ஒரு விதி எழுதிவிட்டால் பிழை அன்றன்றே கழுவப்பட்டுவிடும்.

பலகைக்குள்ளேயே சிறு இணையப் பக்கம் ஒன்று ஓடுகிறது. ரவுட்டருக்கு வெளித்தொடர்பு இல்லாவிட்டாலும் கைபேசியில் அதைத் திறக்கலாம். இன்வேர்ட்டரோடு வரும் வைஃபை டொங்கிளின் குறை இங்கேதான். அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்கோ வெளிநாட்டுச் சேர்வருக்குத் தரவை அனுப்பும். அதை நீங்கள் இணையம் வழியாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். நீண்ட மின்வெட்டில் கைபேசிக் கோபுரங்களின் பற்றரியும் இறங்கும்போது, பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்க முடியாது. ராஸ்பெரி பை வைத்துச் செய்தவர்களும் உண்டு. மூன்று நான்கு வாட் தின்னும், திடீரென்று கரண்ட் போனால் மெமரி கார்ட் பழுதாகும். ஈஎஸ்பி32 அரை வாட்டில் முடிக்கிறது.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். இரும்பு பொஸ்பேட் பற்றரி ஷோர்ட் ஆனால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும். வோல்ட் அளக்க நேர் முனையிலிருந்து எடுக்கும் மயிரிழை வயருக்கும், பற்றரிக்குப் பக்கத்திலேயே, அரை அம்பியர் பியூஸ் கட்டாயம். 5 வோல்ட்டுக்கு இறக்க 28 வோல்ட்வரை மட்டும் தாங்கும் எம்பி1584ஐப் போடாதீர்கள். சார்ஜ் ஆகும்போது 28.8 வரை ஏறும் தொகுதியில் அது என்றாவது ஒருநாள் புகையும். 40 வோல்ட் தாங்கும் எல்எம்2596 பாதுகாப்பானது. பீசெம் 230 வோல்ட்டில் உட்காருவது. அதை மின்னியலாளரிடம் விடுங்கள். வெள்ளவத்தையில் கடற்காற்றும் ஒரு எதிரி. மரைன் டிரைவ் பக்கத்து மொட்டை மாடிகளில் செப்பு முனைகள் சில மாதங்களிலேயே பச்சை பூக்கின்றன. தகரம் பூசிய லக், இறுக்கமான பெட்டி, வயர் நுழையும் இடத்தில் ரப்பர், பலகைமேல் ஒரு பூச்சு வார்னிஷ் இவை இல்லாமல் வைக்காதீர்கள்.

யாருக்கு இது வேண்டும்? விக்ட்ரோன் சார்ஜ் கொன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு ஷண்ட் வேலையில் பாதி தேவையில்லை. அதன் விஈ.டிரெக்ட் துளையிலிருந்து செக்கனுக்கு ஒருமுறை தரவு வரும்; ஈஎஸ்பி32ஐ அதில் மாட்டினால் சோலர் பக்கம் முழுவதும் வந்துவிடும். பற்ற வைக்கும் கோலைத் தொட விருப்பமில்லாதவர் புளூடூத் வசதியுள்ள தயார் ஷண்ட் மீற்றரை வாங்கலாம். விலை கூட, வேலை சுத்தம். லைனோடு ஒட்டிய சோலர் மட்டும் உள்ளவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை; மாதாந்தப் பட்டியலே அவர்களுக்குப் போதும். பற்றரியை நம்பி வீடு நடத்துகிறவர்களுக்கு என் தீர்ப்பு தெளிவானது: வாங்குங்கள். ஆனால் காசைப் பலகையில் கொட்டாமல் ஷண்டிலும் பியூஸிலும் போடுங்கள். பூட்டிய அன்றிரவே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஷண்ட் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அந்த எண் தெரியும்வரை அடுத்த பனலுக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.