நண்பன் சொன்ன கடையும் செயலி சொன்ன கடையும்

ஃபோர்ஸ்கொயர் சிட்டி கைடு என்ற செயலி 2024 டிசம்பர் 15-ஆம் தேதியோடு மூடப்பட்டது. "அதான் கூகுள் மேப்ஸ் இருக்கே, இது எதுக்கு?" என்று கேட்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். ஆனால் "உங்கள் ரசனைக்கேற்ற இடங்களை உங்கள் நண்பர்கள் மூலமாகவே காட்டுகிறோம்" என்று சொல்லிக்கொண்டு இன்றும் புதுப்புதுச் செயலிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் மூத்த அண்ணன் இது. அண்ணன் எங்கே தடம் மாறினார் என்று பார்த்துவிடுவது நல்லது.

முதலில் கொஞ்சம் வரலாறு. டென்னிஸ் க்ரௌலியும் அலெக்ஸ் ரெய்னர்ட்டும் நியூயார்க்கில் டாட்ஜ்பால் என்ற ஒரு சேவையை நடத்தினார்கள். நீங்கள் இருக்கும் இடத்தை எஸ்எம்எஸ் அனுப்பினால், அது உங்கள் நண்பர்களுக்குப் போகும். அவ்வளவுதான். 2005-இல் கூகுள் அதை வாங்கியது, 2009-இல் மூடியது. அதே 2009 மார்ச்சில், ஆஸ்டின் நகரில் நடந்த எஸ்எக்ஸ்எஸ்டபிள்யூ விழாவில், க்ரௌலியும் நவீன் செல்வதுரையும் ஃபோர்ஸ்கொயரை அறிமுகம் செய்தார்கள். ஓர் இடத்துக்குப் போனால் 'செக்-இன்' செய்யலாம். கடந்த 60 நாட்களில் அதிக நாட்கள் அங்கே செக்-இன் செய்தவர்தான் அந்த இடத்தின் 'மேயர்'.

மேயர் பட்டம் என்பது பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. ஐந்து நட்சத்திரம் போட ஒரு விநாடி போதும். மேயராக வேண்டுமென்றால் திரும்பத் திரும்பப் போயாக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து ஏமாற்றியவர்களும் இருந்தார்கள் என்பது வேறு விஷயம். இருந்தாலும் அந்தப் பரிந்துரைக்குப் பின்னால் ஓர் உழைப்பும், ஒரு முகமும் இருந்தன.

பரிந்துரை என்றால் என்ன என்பதை இங்கே யோசிக்க வேண்டும். "அந்த மெஸ்ஸுக்குப் போ, மீன் குழம்பு நல்லா இருக்கும்" என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார். அந்தப் பேச்சுக்கு மதிப்பு வர இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நாளைக்கு அவர் உங்கள் முகத்தில் முழிக்க வேண்டும். இரண்டு, அவர் நாக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அவர் "காரம் கம்மி" என்றால் நமக்குக் கண்ணில் தண்ணீர் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்வீர்கள். ஆயிரம் பேர் சேர்ந்து போட்ட 4.2 நட்சத்திரத்தில் இந்த இரண்டுமே கிடையாது.

சரி, அப்படியானால் நண்பர்களை மட்டும் வைத்தே செயலியை ஓட்டலாமே? அங்கேதான் சிக்கல். நகரத்தில் ஆயிரக்கணக்கான கடைகள், செயலியில் உங்களுக்கு முப்பது நண்பர்கள். யார் எங்கே போனார்கள் என்று அட்டவணை போட்டால் பெரும்பாலான கட்டங்கள் காலியாகவே கிடக்கும். காலிக் கட்டங்களை நிரப்ப எங்கள் துறையில் ஒரு வழி உண்டு: நண்பருக்குப் பதில் 'உங்களைப் போன்ற ரசனை உள்ளவர்கள்' என்று ஒரு கூட்டத்தைக் கணக்கிட்டு எடுப்பது. இதில் நன்மையும் இருக்கிறது. நண்பர்கள் பெரும்பாலும் நம்மைப் போலவே இருப்பார்கள், நாம் போகும் இடத்துக்கே போவார்கள். முன்பின் தெரியாதவரின் தேர்வு புதிய கதவைத் திறக்கலாம். ஆனால் இந்த வழியில் ஆள் மாறிப்போகிறார், திரையில் 'உங்களுக்காக' என்ற வார்த்தை மட்டும் அப்படியே இருக்கிறது.

2014-இல் ஃபோர்ஸ்கொயர் செயலியையே இரண்டாகப் பிரித்தது. நண்பர்களும் செக்-இன்னும் 'ஸ்வார்ம்' என்ற தனிச் செயலிக்குப் போனார்கள். பரிந்துரை மட்டும் பழைய பெயரில் நின்றது. போகிறவனை ஒரு பக்கமும், சொல்கிறவனை இன்னொரு பக்கமும் வைத்தாயிற்று. என் பார்வையில் தவறு நடந்தது இங்கேதான். நண்பனைக் கழித்துவிட்டால், மிச்சத்தைச் செய்ய கூகுளிடம் இதைவிடப் பெரிய கூட்டம் இருக்கிறது. அப்புறம் இந்தச் செயலி எதற்கு?

பணம் வேறு திசையில் இருந்தது. 2015-இன் இறுதியில் அமெரிக்காவின் சிபோட்லே உணவகங்களில் சாப்பிட்டவர்கள் நோயுற்ற செய்திகள் பரவின. 2016-இன் முதல் காலாண்டில் அதன் பழைய கிளைகளின் விற்பனை ஏறத்தாழ 30 சதவீதம் குறையும் என்று, ஆட்கள் வந்துபோகும் கணக்கை வைத்தே ஃபோர்ஸ்கொயர் முன்கூட்டிச் சொன்னது. நிறுவனம் அறிவித்த சரிவு 29.7 சதவீதம்! பொறியாளனாகக் கைதட்டத்தான் தோன்றுகிறது. ஆனால் யாருக்காக இந்தக் கணக்கு? நண்பனிடம் "நான் இங்கே இருக்கேன்" என்று சொன்ன தகவல், முதலீட்டாளருக்கான அளவுகோலாக ஆகிவிட்டது. அதன் பிறகு நிறுவனம் இடத்தரவு விற்கும் தொழிலாகவே வளர்ந்தது.

2024 நவம்பரில், செயலியை மூடுவதற்குச் சற்று முன்பு, உலகெங்கும் உள்ள 10 கோடிக்கும் மேற்பட்ட இடங்களின் பட்டியலை ஃபோர்ஸ்கொயர் அப்பாச்சி உரிமத்தில் திறந்துவிட்டது. வரவேற்க வேண்டிய காரியம். அதில் பெயர், முகவரி, அட்சரேகை, தீர்க்கரேகை, வகை எல்லாம் உண்டு. "மதியம் இரண்டு மணிக்கு மேல போகாதே, கூட்டு தீர்ந்துடும்" என்கிற மாதிரி மக்கள் எழுதிப் போட்ட குறிப்புகள் அதில் இல்லை. கடைகளின் விலாசம் மிஞ்சியது, பேச்சு போய்விட்டது.

அடுத்த முறை இப்படி ஒரு செயலியை நிறுவும்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இதைச் சொல்வது யார்? அவர் ரசனை எனக்குத் தெரியுமா? சரியில்லை என்றால் அவரிடமே போய்க் கேட்க முடியுமா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது வெறும் தேடுபொறி. தேடுபொறியாக அதைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. நண்பன் சொன்னதாக மட்டும் நம்பிவிடாதீர்கள்.