மனரம்மியமும் ஸ்தோயிக்கரின் அமைதியும்

ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் (ஆட்சிக்காலம் கி.பி. 161–180) தமக்கென்றே கிரேக்கத்தில் எழுதிவைத்த சிந்தனைகளை ராஜாஜி ‘ஆத்ம சிந்தனை’ என்ற பெயரில் தமிழிலே தந்தார். அன்று கற்றோர் சிலரே வாசித்த அப்போதனை இன்று கைப்பேசி வழியாய்க் கிருஷ்ணன்கோவிலின் கல்லூரி விடுதிகள் வரை வந்துவிட்டது. நம் வசத்திலுள்ளது எது, இல்லாதது எது என்று நாள்தோறும் பகுத்துப் பார்க்கும் ஸ்தோயிக்கரின் தியானம், தேர்வுக்கும் நேர்காணலுக்கும் அஞ்சி உறக்கமிழக்கும் மாணவனுக்குப் பயன் தருமென்பதை நாம் மறுக்கவில்லை. அடிமையாயிருந்த எபிக்தேத்தஸின் பாடத்தை அரசர் ஒருவர் விரும்பிக் கற்றார் என்பதும் சிறப்பே.

ஆனால் அப்பாடத்தையே பவுலின் பாடமாக்கிப் பிரசங்கிப்பது வேறு காரியம். பிலிப்பியர் 4:11-இல் நம் வேதாகமம் ‘மனரம்மியம்’ என்று குறிக்குமிடத்தில், மூலத்திலுள்ள ‘அவுத்தார்க்கேஸ்’ என்னும் சொல் ஸ்தோயிக்கருக்கு மிக உகந்ததாகும். தன்னில்தானே போதுமானவன் என்பது அதன் பொருள். தமிழ்ச் சொல்லின் இனிமை இந்தத் தத்துவ வாடையை மறைத்துவிடுகிறது. வாடை தெரிந்தால்தான் பவுல் அச்சொல்லை எத்துணைத் துணிவாய் வேறு திசைக்குத் திருப்புகிறார் என்பது விளங்கும். 13-ஆம் வசனத்தில் அவருடைய பெலன் கிறிஸ்துவினிடத்திலிருந்து வருகிறது. அடுத்த வசனத்திலேயே தம் உபத்திரவத்தில் பங்குகொண்ட சபையாரை மெச்சுகிறார். எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்த உதவியை நிறைவோடு பெற்றுக்கொண்டதாக எழுதுகிறார். தன்னில்தானே நிறைந்தவனுக்கு இந்த நன்றி எதற்கு?

துக்கத்தைக் குறித்தும் இதே வேறுபாட்டைக் காண்கிறோம். பிள்ளையை இழவாதபடிக்கு அல்ல, இழப்புக்கு அஞ்சாதபடிக்கு வேண்டிக்கொள்ள மார்க்கஸ் ஒன்பதாம் புத்தகத்தில் தமக்குத் தாமே கற்பிக்கிறார். பல பிள்ளைகளை அடக்கம்பண்ணிய தகப்பன் அவர். ஆகவே அதை எளிதாய் இகழலாகாது. பவுலோ, வியாதியாய்க் கிடந்த எப்பாப்பிரோதீத்து பிழைத்திராவிட்டால் தம் துயரம் இரட்டித்திருக்குமென்று மறைக்காமல் சொல்லுகிறார் (2:27). (மார்க்கஸுக்கு ஸ்தோயிக்க ஞானத்தைப் போதித்த ரஸ்திகுஸே ஏறத்தாழ கி.பி. 165-இல் யுஸ்தீனுக்கு மரணதண்டனை விதித்தவர். அமைதி தானாகவே நீதியை ஈன்றுவிடாது போலும்.)

திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து மானாவாரி நிலத்தில் மழை பொய்ப்பது எவர் வசத்திலும் இல்லை. இராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளியின் கூலி அப்படிப்பட்டதன்று. தனியொருவனாய் நிற்கையில் அதுவும் அவன் வசத்துக்கு அப்பாற்பட்டதே. சபையார் அவனோடு நிற்கையில் அந்த எல்லை நகர்கிறது. பிலிப்பி சபையார் சிறையிலிருந்தவருக்கு ஆளையும் பொருளையும் அனுப்பினார்களே! நம் இளம் போதகர் சிலரோ மழையையும் கூலியையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டுக்கும் 11-ஆம் வசனத்தையே மருந்தாய்க் கொடுத்து, 14-ஆம் வசனத்துக்கு வருமுன்னே பிரசங்கத்தை முடித்துவிடுகிறார்கள்.