முள் முட்டி நிற்கும் சோதனை

ஓர் ஆம்பியர் வரை மட்டுமே அளக்கும் அம்மீட்டரில் மூன்று ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தினால், முள் கடைசிக் கோட்டில் முட்டி நிற்கும். ஐந்து ஆம்பியருக்கும் அதே கோடுதான் (கருவி பிழைத்திருந்தால்!). இரண்டும் சமம் என்று எந்த மாணவனும் எழுதமாட்டான். ஆனால் ஸ்பானிய மொழிக் குழந்தைகளின் வாசிப்பைப் பற்றி எழுதும் சிலர் இந்தத் தவற்றைச் செய்துவிடுகிறார்கள்.

ஸ்பானிய மொழியில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் மாறாதது. 2003ஆம் ஆண்டில் பிலிப் சீமோர் குழுவினர் 13 ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், முதல் வகுப்பு முடிவில் ஸ்பானியக் குழந்தைகள் பழகிய சொற்களில் சுமார் 95 விழுக்காட்டைச் சரியாகப் படித்தனர். ஸ்காட்லாந்தின் ஆங்கிலக் குழந்தைகள் சுமார் 34 விழுக்காடுதான். (இவர்கள் வயதில் இளையவர்கள் என்பதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள்.)

இதிலிருந்து, 'ஸ்பானிய மொழியில் வாசிப்புக் குறையே இல்லை' என்று முடிவு கட்டலாமா? கூடாது. இங்கே முள் முட்டி நிற்கிறது. ஒரு பத்தியைச் சரளமாகப் படிக்கும் சிறுமிக்கும், எழுத்தெழுத்தாகக் கூட்டித் திணறிப் படிக்கும் சிறுவனுக்கும் ஒரே மதிப்பெண். வரி முடிவதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிடும் அந்தச் சிறுவனின் துன்பம் சோதனைத் தாளில் பதிவாவதில்லை. அவனுக்கு உதவியும் கிடைப்பதில்லை. அளக்க வேண்டியது பிழையை மட்டுமல்ல, நேரத்தையும்தான்.

படிக்கத் தொடங்கும்போதே பின்னாளைய திறனை முன்னறிய முடியுமா? 2012இல் மார்க்கேட்டா காராவோலாஸ் குழுவினர் ஆங்கிலம், ஸ்பானியம், செக், ஸ்லோவாக் ஆகிய நான்கு மொழிகளிலும் மூன்று அறிகுறிகள் பயன்படுவதைக் கண்டனர்: சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிதல், எழுத்தின் ஒலியை அறிதல், வரிசையாக உள்ள படங்களின் பெயர்களை விரைந்து சொல்லுதல். மூன்றாவதற்கு வேண்டிய கருவி ஓர் அட்டையும் கடிகாரமும்தான்!

நல்ல ஆய்வு, ஆனால் இத்தகைய எண்களைத் தனிக் குழந்தையின் மேல் சுமத்துவதை நான் ஏற்கமாட்டேன். ஒட்டுறவுக் கெழு 0.5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கம் 0.25. அதாவது, குழந்தைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் கால் பங்குக்குத்தான் அந்த அறிகுறி கணக்குச் சொல்கிறது. மீதி முக்கால் பங்கு வேறெங்கோ இருக்கிறது. அட்டையில் தடுமாறிய ஆறு வயதுக் குழந்தையைக் கூடுதலாகக் கவனிக்க அந்தக் கால் பங்கு போதும். 'மந்தம்' என்று பதிவேட்டில் எழுதப் போதாது.