மூலதனத்தின் கணக்கும் தொழிலாளரின் கூக்குரலும்

பிரெஞ்சுப் பொருளியலறிஞர் தாமஸ் பிக்கெட்டி 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இருபத்தோராம் நூற்றாண்டில் மூலதனம்’ என்னும் பெருநூல் திருப்பணியாளரும் இறையியல் மாணவரும் ஊன்றிக் கற்கத்தக்கது. மூலதனம் ஈட்டும் வருவாயின் வீதம் பொருளாதார வளர்ச்சியின் வீதத்தை விஞ்சி நிற்குமளவும், உழைத்துச் சேர்ப்பவனைக் காட்டிலும் மரபுரிமையாகப் பெற்றவனே மேலோங்குவான் என்பது அதன் மையக் கருத்து. ஏற்றத்தாழ்வு தனி மனிதரின் பேராசையால் மட்டும் விளைவதன்று, அமைப்பின் இயல்பினாலேயே விளைவது என்பதை வரிக் கணக்குகளைக் கொண்டே நிறுவியிருப்பது ஆசிரியரின் சாதனை. செல்வரை ஈகைக்கு ஏவுவதோடு அமைந்துவிடும் நமது அறுப்பின் பண்டிகைப் பிரசங்கங்களுக்கு இதனினும் கடுமையான மறுப்பு வேண்டியதில்லை.

எனினும் நூலின் அமைப்பிலேயே ஒரு பெருங்குறை உண்டு. முதல் அதிகாரம் தென்னாப்பிரிக்காவின் மரிக்கானா சுரங்கத்தில் தொடங்குகிறது. 2012 ஆகஸ்டு 16 அன்று அங்கு வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த 34 தொழிலாளர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இவ்வளவு குருதியோடு தொடங்கும் நூலில், அதன்பின் தொழிலாளர் மெல்ல மெல்ல விழுக்காடுகளாக மாறிவிடுகின்றனர். அவர்கள் கூடி நின்றது ஏன், கூடும் உரிமையின் விலை யாது என்னும் வினாக்கள் வாதத்தின் மையத்துக்கு வருவதேயில்லை. முடிவில் ஆசிரியர் பரிந்துரைக்கும் மருந்து உலகளாவிய சொத்து வரி.

இம்மருந்து நமக்குப் புதிதன்று. நிக்கோலஸ் கால்டார் 1956 இல் அளித்த அறிக்கையை ஒட்டி, டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராயிருந்தபோது 1957 இல் நம் நாட்டில் சொத்து வரி விதிக்கப்பட்டது. இறந்தோர் விட்டுச்சென்ற சொத்தின்மீதான தீர்வை அதற்கு முன்பே, 1953 இல் வந்திருந்தது. பின்னது 1985 இலும் முன்னது 2015 இலும் நீக்கப்பட்டன. 2013–14 இல் இத்தனை பெரிய நாட்டில் சொத்து வரியாகக் கிடைத்தது 1,008 கோடி ரூபாயே. பிக்கெட்டி உள்ளிட்ட நால்வர் 2024 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022–23 இல் இந்தியச் செல்வத்தில் 40.1 விழுக்காடு மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரிடம் இருந்தது. வரியை எழுதிய கையே அதை அழித்தது. அழித்தபோது தடுத்து நிறுத்தும் வலிமை எவரிடமும் இல்லை. அவ்வலிமை எங்கே பிறக்கிறது என்பதையே நூல் சொல்லாமல் விடுகிறது.

கரையான்சாவடிச் சாலையோரம் நின்று படிப்பவர்க்கு இக்குறை எளிதில் புலப்படும். சாவடி என்பது வழிப்போக்கர் தங்குமிடம். இன்று அவ்வழியே செல்வோருள் பலர் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் போய்வருவோர். 2021 டிசம்பரில், பூந்தமல்லியை அடுத்த விடுதியொன்றில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர் கெட்டுப்போன உணவால் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆப்பிள் நிறுவனம் அவ்வாலையைக் கண்காணிப்பில் வைத்தது. சமையலறையின் நிலையைக் கலிபோர்னியாவின் கவனத்துக்குக் கொண்டுசென்றது எந்த வரி அலுவலரும் அன்று, சாலையில் அமர்ந்த அப்பெண்களே. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அதைக் கட்டியது அரசின் சிப்காட். இதனால் ஆதாயம் அடைந்தது தொழிலாளரா, மூலதனமா? இருவரும் என்றே சொல்லவேண்டும். ஆனால் தனியார் இலாபத்துக்குப் பொதுப்பணம் இவ்வாறு தோள்கொடுப்பது பிக்கெட்டியின் வரைபடங்களில் அகப்படாது.

நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரம் இவ்வகையில் கூர்மையானது. ஜனங்களும் அவர்கள் மனைவிகளும் எழுப்பிய கூக்குரலே அங்கு வட்டிக்கும் நில அடைமானத்துக்கும் முடிவு கட்டியது. ஆசாரியர்கள் அழைக்கப்பட்டது ஆறுதல் கூற அன்று. கடன் கொடுத்தோர் இட்ட ஆணைக்குச் சாட்சியாக. (இப்பகுதி நம் பிரசங்க மேடைகளில் அலங்கம் கட்டும் நிதி திரட்டுவதற்கே பெரிதும் பயன்படுவது வேடிக்கை.)

சட்டம் மேலிருந்து மட்டும் வருமாயின் எளிதில் வளையும். 2023 ஏப்ரல் 21 அன்று நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவகுக்கும் திருத்த மசோதா தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் அது திரும்பப் பெறப்படும் என்ற அறிவிப்பு மே 1 அன்று வந்தது. 1926 இலேயே தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்ட நாட்டில், சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 இல் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்யவேண்டியிருந்தது. அவர்கள் சங்கம் 2025 ஜனவரியில்தான் பதிவு பெற்றது.

பிக்கெட்டி தமது அடுத்த பெருநூலில் (2019) இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறார். நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களில் தொழிலாளர்க்கு வாக்குரிமை வேண்டுமென அங்கே வாதிடுகிறார். ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் கண்ட அனுபவம் அது. நம் சாலையில் செல்லும் பேருந்திலோ ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்த பெண்ணின் பெயர் ஆலையின் சொந்தப் பதிவேட்டிலேயே இல்லை. அவளுக்கு இடம் தரவேண்டிய நிர்வாகக் குழு ஒப்பந்தக்காரருடையதா, திருப்பெரும்புதூர் ஆலையினுடையதா, தைவானில் கூடுவதா என்பதற்கு அந்நூலிலும் விடையில்லை.