பேரவைக் கதைகளும் மாணவர் பாடமும்

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக் கழகத் தமிழ்ப் பேரவை மாணவர் நடத்திவந்த சிறுகதைப் போட்டியும், அதன் விளைவான ‘பேரவைக் கதைகள்’ தொகுதிகளும் நம் இலக்கியத்திற்கு வாய்த்த நற்பேறு. மாணவர் தாமே ஒரு பணியை ஏற்று நடத்தவல்லார் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு குறை. பரிசு, ‘இக்கதை நன்று’ என்று சொல்லுமேயன்றி, ஏன் நன்று என்று சொல்லாது. அதனைச் சொல்வது திறனாய்வு.

கலிபோர்னியாவில் பெர்க்கிலிப் பல்கலைக் கழக மாணவர் தாமே பாடத்திட்டம் வகுத்து, பேராசிரியர் ஒருவரின் பொறுப்பில் வகுப்பு நடத்துகின்றனர். அதற்கு மதிப்பலகும் உண்டு. 1956-இல் தோன்றிய நம் இந்திய ஆய்வியல் துறையிலும் அத்தகைய பாடமொன்று அமைதல் வேண்டும், அத்தொகுதிகளே பாடநூலாகட்டும். ஆசிரியர் மேற்பார்வை இன்றேல் அது அரட்டையாகும். மாணவர் உரிமை இன்றேல் மற்றுமொரு தேர்வாகும். இரண்டும் கூடின், பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் கதை எழுதுவோர்க்கு நல்ல வாசகர் வாய்ப்பர்.